துண்டு போட்டு மூடின மெடல்

வெர்பொவ்கா கிராமம்,
திரித்துவத் திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை

என் வார்யா கண்ணுக்கு,

தேவமாதா புண்ணியத்துல நீ முட்டிவலி இல்லாம எழுந்திரிச்சு, வயித்துக்குச் சூடா ஏதாவது போட்டுக்கிட்டு உக்காந்து இதைப் படிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு உன் சித்தி எழுதறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நடமாடிக்கிட்டு இருக்கோம், அதுக்கே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். சித்தப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது, போய்ப் பிடுங்கிட்டு வாங்கன்னா மீன் சீசன் முடியட்டும்ங்கறாரு, பல்லுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா முகத்தைத் திருப்பிக்கறாரு. உருளைக்கிழங்கு நட்டாச்சு, வெள்ளரிக்கு மூடாக்கும் போட்டாச்சு, வோல்கா தண்ணி இந்த வருஷம் நம்ம படகுத்துறைப் படி வரைக்கும் வந்துட்டு எறங்கிருச்சு, கொசு மட்டும் எறங்கல, முகத்துல வலை கட்டிக்கிட்டுத்தான் ஆடு கறக்கறேன், ஆடு என்னைப் பாத்து மெரளுது. கோயில்ல தரைக்குப் பெயின்ட் அடிச்சாங்க, காயறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டு நியூரா முழங்கால் போட்டுட்டா, இப்ப அவ பாவாடையில ரெண்டு வட்டம் இருக்கு, நான் எவ்ளோ வேண்டிக்கிறேன்னு ஊரே பாத்துக்கட்டும்ங்கறா.

இதையெல்லாம் எழுதறேனே ஒழிய, எழுத உக்காந்த விஷயம் இது இல்ல. ஃபோன்ல சொல்லியிருக்கலாம்னு நீ கேப்ப. நாலு நாளா ஃபோனைக் கையில எடுக்கறதும் கீழ வைக்கறதுமா இருந்தேன் கண்ணு, தப்பு பண்ணினதே இந்த வாய்தான், மறுபடி அதுகிட்டயே எப்படி ஒப்படைக்கறது. அதனாலதான் எழுதிட்டேன். நியூராவோட மருமகன் தீமா திங்கக்கிழமை உங்க ஹபரோவ்ஸ்க் பக்கம் வேலைக்குப் பறக்கறான், அவன் கையில குடுத்து விடறேன், கூடவே வோப்ளா கருவாடும் இருக்கும், சித்தப்பா தன் கையால உப்புப் போட்டுக் காய வச்சது, நீ மட்டும் தின்னாம உன் டீம் பொண்ணுங்களுக்கும் குடு.

புது வருஷத்தன்னிக்கு நீ ஃபோன்ல ஒண்ணு சொன்ன, ஞாபகம் இருக்கா. நீ ஹேண்ட்பால் விளையாண்ட அந்த நம்ம பட்டணத்து அரங்கத்துலேருந்து மட்டும் கூப்பிட்டாங்கன்னா நடந்தே வந்துருவேன் சித்தின்ன. நான் சரி சரி, காதுக்குக் குல்லா போட்டியான்னு கேட்டேன். ஆனா நீ சொன்னதை மறக்கல. ராத்திரி மாதா படத்துக்கு முன்னாடி நிக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். கேட்டது வாசப்படிக்கே வந்துச்சு வார்யா. நான்தான் அடிச்சுத் தொரத்திட்டேன்.

போன சனிக்கிழமை முற்றத்துல கொடி கட்டி மீன் தொங்க விட்டுக்கிட்டு இருந்தேன். சாம்பக் கலர் கார் ஒண்ணு வந்து நின்னுச்சு, நாப்பத்தஞ்சு அம்பது வயசுல ஒரு அம்மா எறங்கினாங்க, விளையாட்டுக்காரங்க போடற மாதிரி காலுச்சட்டை, குட்டை முடி, கையில ஒரு கேக்கு டப்பா. பேரு எல்விரான்னாங்க, அம்மாவுக்கு வருஷத் திதி குடுக்கப் பக்கத்து ஊருக்கு வந்தேன், பட்டணத்துல இருக்கேன், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னு சொன்னாங்க. சரி, மீன் வாங்க வந்தவங்கன்னு நெனச்சேன். தோட்டத்து பெஞ்சுல உக்கார வச்சு டீ ஊத்திக் குடுத்தேன். குடுத்ததும் அந்தம்மா ஆரம்பிச்சுட்டாங்க, உங்க வார்யா மாதிரி ஒரு கோல்கீப்பரை நான் இந்த வோல்காக் கரையில பாத்ததே இல்ல, என்ன கை, என்ன பொறுமை, அங்க கிழக்க போயி கடைசியில கெடந்த டீமை மூணாவது எடத்துக்குக் கொண்டாந்துட்டாளாமே, எவ்ளோ அருமையான பொண்ணை வளத்திருக்கீங்கன்னு ஒரே மூச்சுல. எனக்குக் கண்ணு பட்டுருமேன்னு பயம் வந்துருச்சு. முன்னப் பின்ன தெரியாத பொம்பளை, கண்ணு வேற வெளுத்த பச்சை, சிமிட்டாம பாக்கறாங்க, நம்ம புள்ளையைப் புகழ்ந்து தள்றாங்க. நான் என்ன பண்ணுவேன்.

நான் எப்பவும் பண்றதைப் பண்ணினேன். அட நீங்க வேற, அவ என்ன பெரிய இதுன்னு தொடங்கினேன். அந்தம்மா விடல, முட்டி இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாங்க. முட்டியா, மாடிப்படி ஏறவே விடறதில்லம்மா, குச்சி வச்சுக்காததுதான் பாக்கின்னேன். பொண்ணுங்க அவ மேல உசுரையே வச்சிருக்காங்களாமேன்னாங்க. உசுரா, ஒண்ணுகூடச் சொல்பேச்சு கேக்கறதில்லையாம், சாயங்காலம் ஆனா ரூமுக்குப் போயி அழுவுதும்மான்னேன். அவங்க முகம் கொஞ்சம் மாறுச்சு, நான் பயம் தெளிஞ்சு, அப்பாடா கண்ணு எறங்குதுன்னு நெனச்சு, இன்னும் ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டேன். அடுத்த வருஷம் இதையெல்லாம் விட்டுட்டு ஏதாவது துணிக்கடையில உக்காந்துக்கறேன்னு சொல்லிக்கிட்டு இருக்குன்னேன். எல்லாமே நானா சொன்னது கண்ணு. நீ ஒருநாளும் இதுல ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்ல. சர்க்கரை எடுத்துட்டு வர்றேன்னு உள்ள போயி கதவுக்குப் பின்னாடி நின்னு இடது தோளுக்கு அந்தாண்ட மூணு தடவை துப்பிட்டு, கண்ணு படாம இருக்க மர நிலையைத் தட்டிட்டு, நிம்மதியா சர்க்கரையோட வந்தேன்.

போகும்போது வேலிக் கதவுகிட்ட நின்னு அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரொம்ப நன்றிக்கா, மத்தவங்க எல்லாரும் புகழ்ந்துதான் சொன்னாங்க, நீங்க ஒருத்தங்கதான் உள்ளதைச் சொன்னீங்கன்னாங்க. பட்டணத்து அரங்கத்துல எங்க பெரிய பொம்பளைங்க டீமுக்கு ஹெட் கோச் இல்ல, ரெண்டு பேரு யோசனையில இருந்தாங்க, முதப் பேரு வார்யாதான், அவளைக் கூப்பிட்டு ஆசை காட்டிட்டு அப்பறம் இல்லன்னு சொல்லக் கூடாதுன்னுதான் முதல்ல வீட்டுல கேட்டுக்கலாம்னு வந்தேன், வியாழக்கிழமை கமிட்டி உக்காருது, பாவம் அந்தப் புள்ளையைக் கஷ்டப்படுத்தாம இருக்கறதுதான் நல்லதுன்னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டாங்க. நான் கையில மீன் வாசனையோட நின்னுக்கிட்டே இருந்தேன். வண்டி நம்ம தெருவுச் சேத்துல கொஞ்சம் திணறுச்சு, அப்பகூட ஓடிப் போயிருந்தா பிடிச்சிருக்கலாம். ஓடல.

சித்தப்பா துறையிலேருந்து வந்தாரு, சொன்னேன். சத்தம் போடுவாருன்னு பாத்தா பெஞ்சுல உக்காந்து அந்தம்மா கொண்டாந்த கேக்கையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பறம், நீ இத்தனை வருஷம் துப்பின துப்புல வழுக்கித்தான்டி அந்தப் புள்ளை விழுந்துருச்சு கிளாவான்னாரு. ஃபோன் பண்ணலாம்னா அந்தம்மா நம்பரை வாங்கி வைக்கல. அன்னிக்கு ரெண்டு பேரும் சாப்பிடல. கேக்கை ஆட்டுக்கு வைக்கவும் மனசு வரல, நியூரா வீட்டுக்குக் குடுத்து விட்டேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கெர்மான் பாதிரியார்கிட்டப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். அவரு உனக்குத் தெரியுமே, சின்ன வயசு, தாடி மட்டும் பெரிசு. கண்ணு படறதுங்கறது நம்பிக்கை இல்லாதவங்க கட்டின கதைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நீங்க எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாசல்ல போயி துப்பறீங்கன்னாரு. எனக்கு முழங்கால் போட்டு வேண்டற தவம் எதுவும் குடுக்கல. பஸ் ஏறிப் போங்க, எந்த வாயால கெடுத்தீங்களோ அதே வாயால நாலு பேரு முன்னாடி உங்க பொண்ணைப் புகழுங்க, அதுதான் உங்களுக்குத் தவம்னாரு. நாப்பது நாளு ரொட்டியும் தண்ணியும்னு சொல்லியிருந்தாருன்னா சந்தோஷமா ஏத்துக்கிட்டிருப்பேன்.

உனக்குத் தெரியணும் வார்யா, இது எனக்கு வெறும் பழக்கம் இல்ல. உங்கம்மா, என் அக்கா, அவ கல்யாணத்துல ஊரே மூக்குல விரல் வச்சுப் புகழ்ந்துச்சு, இந்த மாதிரி மகராசியைப் பாத்ததில்லன்னு கெழவிங்க சுத்திச் சுத்தி வந்தாங்க. ரெண்டு வருஷந்தான், போய்ச் சேந்துட்டா. உன்னைத் துணியில சுத்தி எங்கிட்டக் குடுத்தப்பவே, இவளை ஒருத்தரும் புகழ விடமாட்டேன்னு நெஞ்சுல முடிச்சுப் போட்டுக்கிட்டேன். ஒருத்தரும்னா அதுல நானும் சேத்திதானே. அதை நான் அப்ப யோசிக்கல.

நேத்து வியாழக்கிழமை, மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு எடுத்து வச்சிருந்த வெள்ளைத் தலைத்துணியைக் கட்டிக்கிட்டு, வெங்காயத்தாளும் முட்டையும் வச்சு சுட்ட பன்னு ஒரு பையி, கருவாடு ஒரு கட்டு. அரங்கத்து வாசல்ல காவக்காரன் மீன் பையைப் பாத்துட்டு, சந்தை அந்தப் பக்கம் பாட்டின்னான். அம்பத்தேழு வயசுல பாட்டியாம். நான் கோல்கீப்பர் வார்யாவோட சித்திடான்னு சொன்னேன். அவன் சட்டுன்னு எழுந்திரிச்சுட்டான் கண்ணு. எந்த வார்யா, அந்தக் கடைசி நிமிஷத்துல காலாலயே பெனால்டியைத் தடுத்த வார்யாவான்னான். ஆமான்னேன். வாய் தானா, ஏதோ கால் பட்டுருச்சு அவ்ளோதான்னு சொல்ல வந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அவன் கதவைத் தெறந்து விட்டுட்டு மாடி வரைக்கும் பையைத் தூக்கிட்டு வந்தான். உள்ள சின்னப் பொண்ணுங்க விளையாடிக்கிட்டு இருந்தாங்க, பந்துல தடவற பிசின் வாசனை, நீ லீவுக்கு வரும்போது உன் சட்டையெல்லாம் அடிக்குமே அதே வாசனை. 

ரூம்ல எல்விராம்மாவும் ரெண்டு ஆம்பளைங்களும். மொட்டைத் தலையா இருந்தவரு தலைவராம். நான் சிலுவை போட்டுக்கிட்டு, போன சனிக்கிழமை சொன்னதெல்லாம் பொய்யி, என் பொண்ணு நல்ல கோச்சுன்னேன். தலைவரு கண்ணாடியைக் கழட்டி என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யான்னு நாங்க எப்படிம்மா கண்டுபிடிக்கிறது, வேலை போகுதுன்னதும் எந்த வீட்டுல புகழ மாட்டாங்கன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, ஆனா நியாயம்தானே.  இத்தனை வருஷமா ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை, எங்கேருந்து எடுக்கறதுன்னே தெரியல.

அப்பறம் தெரிஞ்சதைச் சொன்னேன். அவளுக்குப் பன்னெண்டு வயசுல கொட்டாய்க் கதவை மறிச்சுக்கிட்டு நின்னு, சித்தப்பாவைச் சுருங்கிப் போன பழைய உருளைக்கிழங்கை எறியச் சொல்லுவா, மூக்குல பட்டு ரத்தம் வந்தாலும் துடைச்சுட்டு இன்னும் வேகமா எறிங்க சித்தப்பான்னு சொல்லுவான்னேன். அதோட, முட்டி போன அந்த வருஷத்தையும் சொன்னேன். ஃபைனலுக்கு முந்தின நாளு நீ ஆஸ்பத்திரியில காலைத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்த, நான் பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தேன். உன் எடத்துல நிக்கப் போற அந்தச் சின்னப் பொண்ணு ரீத்தா, ஃபோன்ல அழுதுக்கிட்டு இருந்தா. நீ அவளுக்கு, எதிர்க் கட்சியில எவ எறியறதுக்கு முன்னாடி தோளைத் தூக்குவா, எவ பாக்கற பக்கம் எறிய மாட்டான்னு ஒவ்வொருத்தியா சொல்லிக் குடுத்துட்டு, கடைசியா என்ன சொன்னேன்னு எனக்கு அப்படியே காதுல இருக்கு. ரீத்தா, பயிற்சியில என் பந்தை நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிடிச்சிருக்க, என்னைவிடக் கஷ்டமா எறியறவ அங்க யாரும் இல்லன்ன. ஃபோனை வச்சதும் சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்ட. அந்தப் பொண்ணு ஜெயிச்சு மெடல் வாங்கினா. இதை நான் அந்த மொட்டைத் தலைக்காரர்கிட்டச் சொல்லிட்டு, அன்னிக்குத்தான்யா என் பொண்ணு கோச் ஆனது, நீங்கல்லாம் பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டீங்கன்னேன்.

சொல்லும்போது துப்பணும்னு தொண்டை அரிச்சுச்சு, கை மேஜையைத் தட்டப் போச்சு. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு மேல உக்காந்துக்கிட்டேன். எல்விராம்மா என் கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, அவங்களும் இந்தப் பக்கத்து ஊருதானே.

"அக்கா, அன்னிக்கு என் கண்ணைப் பாத்துப் பயந்துட்டீங்களா?"

"ஆமாம்மா. கோச்சுக்காத. ரொம்ப வெளுப்பா இருந்துச்சு."

மூணு பேரும் சிரிச்சாங்க, தலைவரு மேஜையில தலையை வச்சுச் சிரிச்சாரு, கண்ணு படக் கூடாதுன்னு எங்க அத்தை என்னைச் செல்லமாக் கூப்பிட்டதே தவளைன்னுதான்னாரு. எல்விராம்மா மட்டும் சீக்கிரமா நிறுத்திட்டாங்க. அவங்க அப்பறம் சொன்னதுதான் நேத்துலேருந்து என்னைத் தூங்க விடல. போன கோடையில கோச்சுங்களுக்கு நடந்த வகுப்புல உன்கிட்டக் கேட்டாங்களாமே, தோத்தாலும் ஜெயிச்சாலும் மேட்ச் முடிஞ்சதும் ஒவ்வொரு பொண்ணுகிட்டயும் போயி அவ பண்ணின ஒரு நல்லதைச் சொல்லிட்டுத்தான் நீ பஸ் ஏறுவியாமே, அது என்ன வழக்கம்னு. அதுக்கு நீ, எங்க வீட்டுல எனக்கு யாரும் சொன்னதில்ல, முப்பது வயசு வரைக்கும் நான் சுமாரான கோல்கீப்பர்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்னு சொன்னியாம்.

உங்க மேல குத்தமா அவ சொல்லல, எங்க சித்தி நல்லவங்கன்னும் சேத்துச் சொன்னான்னு அந்தம்மா சமாதானம் பண்ணினாங்க. அது இன்னும் மோசமா இருந்துச்சு கண்ணு.

முட்டி போறதுக்கு முன்னாடி நீ மெடல் வாங்கிட்டு வந்த அன்னிக்கு, சாயங்காலம், அதைச் சாப்பாட்டு மேஜை மேல வச்சுட்டு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்ன. ஜன்னல் தெறந்திருந்துச்சு, நியூரா வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறா. நான் பாத்திரம் துடைக்கற துண்டை எடுத்து அது மேல போட்டு மூடிட்டு, முதப் பாதியில வரிசையா மூணு கோலை விட்டுட்டியே, சூப் ஆறுது உக்காருன்னேன். எனக்கு அப்ப நெஞ்சு வெடிக்கற மாதிரி சந்தோஷம், அதனாலதான் மூடினேன். வெளியூருக்காரி ஒருத்தி நான் சொன்னதை அரைமணி நேரத்துல நம்பிட்டுப் போனாளே, என் வாயையே பாத்து வளந்த புள்ளை நீ நம்பாம எப்படி இருந்திருப்பே. கண்ணு படக் கூடாதுன்னு ஊருக்குச் சொன்னதை நீ உண்மைன்னு எடுத்துப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல. உனக்குத் தெரியும்னு நெனச்சேன். சூப்புல கறித்துண்டெல்லாம் உன் தட்டுலதானே போட்டேன், அதுல தெரியும்னு நெனச்சேன்.

இப்ப விஷயம் எங்க நிக்குதுன்னு சொல்றேன். நேத்து அவங்க அந்த இன்னொரு ஆளுக்குத்தான் சொல்லி அனுப்பறதா இருந்தாங்களாம், அதை நிறுத்தி வச்சிருக்காங்க. திருநாள் கழிஞ்சு அடுத்த வாரம் எல்விராம்மா உனக்கு ஃபோன் பண்ணுவாங்க. உன்கிட்ட நேரா கேட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாம், சித்தி சொன்னதுல ரெண்டையும் எடுத்துக்க மாட்டோம்னு தலைவரு சொல்லிட்டாரு. அதனால முட்டியைப் பத்தி, அழுவறதைப் பத்தி, துணிக்கடையைப் பத்தி ஏதாவது கேட்டாங்கன்னா தெகைச்சுப் போயிராத, அதெல்லாம் உன் சித்தி கைங்கரியம். தெரியாத நம்பர்னு எடுக்காம விட்டுராத. கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லு, உன்னை நீயே கொறைச்சுச் சொல்லாத, அது எங்கிட்டேருந்து உனக்கு ஒட்டியிருக்கும். ஒருவேளை நீ அங்கயே இருக்கணும்னு நெனச்சா, அந்தப் பொண்ணுங்களை விட்டு வர மனசில்லன்னா, அதையும் தைரியமா சொல்லிரு. உனக்குப் பதிலா நான் ரெண்டு தடவை பேசிட்டேன், மூணாவது தடவை பேச மாட்டேன். பக்கத்துல வந்து இருக்கணும்னு எனக்கு ஆசை இல்லன்னு எழுதினா அதுவும் பொய்யாயிரும், அதனால அதைப் பத்தி ஒண்ணும் எழுதல.

தவக்காலத்துக்கு முந்தின மன்னிப்பு ஞாயித்துக்கிழமை ஒவ்வொரு வருஷமும் நான் உனக்கு ஃபோன் பண்ணி, என்னை மன்னிச்சுரு வார்யான்னு சொல்லுவேன், நீ ஆண்டவர் மன்னிப்பாரு சித்திம்ப, அப்பறம் அப்பம் சுட்டியான்னு கேட்டுக்குவோம். எதுக்கு மன்னிப்புன்னு நானும் நெனச்சதில்ல, நீயும் கேட்டதில்ல. இந்த வருஷம் அந்த ஞாயிறு போயிருச்சு, அடுத்தது வர்ற வரைக்கும் எனக்குத் தாங்காது. எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு இப்பக் கேக்கறேன். ஆண்டவர் மன்னிப்பாருன்னு எழுதாத, அவர்கிட்ட நான் தனியாப் பேசிக்கறேன். நீ உன் மனசுல என்ன இருக்கோ அதை எழுது.

முட்டிக்கு ஆட்டு ரோமத்துல பின்னின பட்டை வச்சிருக்கேன், தீமா கொண்டார்ற பெட்டிக்கு அடியில இருக்கு, கருவாட்டு வாசனை ஏறியிருந்தா ஒரு நாள் வெயில்ல போடு. அங்க கடல் காத்தோ ஆத்துக் காத்தோ எதுவோ அடிக்குமாமே, தலையைத் தொறந்து போட்டுக்கிட்டுப் பயிற்சிக்குப் போகாத. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள்ள வச்சுக்கட்டும், உன் கையில வளர்ற பொண்ணுங்களையும் சேத்து வச்சுக்கட்டும். ஃபோனை எடுக்க மறந்துராத.

உன்னை வளத்த சித்தி,
கிளாவ்தியா

எழுதி மடிச்சதுக்கு அப்பறம் ஒண்ணு. நீ விட்டுட்டுப் போன மெடலு பீரோவுல அதே துண்டுக்குள்ளதான் இருந்துச்சு. இன்னிக்குக் காலையில சித்தப்பா ஆணி அடிச்சுக் குடுத்தாரு, வாசலைப் பாத்த மாதிரி, வர்றவங்க கண்ணுல மொதல்ல படற எடத்துல மாட்டியிருக்கேன். நியூரா தான் மொத ஆளா வந்தா, நின்னு வாயைப் பொளந்து பாத்துட்டு, தங்கமாடி, யாரு வாங்கினதுன்னா. என் பொண்ணு வாங்கினது, இந்த நாட்டுலயே அவளை மாதிரி கோல்கீப்பர் கெடையாதுன்னேன். சித்தப்பா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. தட்டல கண்ணு. துப்பவும் இல்ல.